திறந்தமூல மையமும் ஹம்சவேணி டீச்சரின் கையும்

சுதந்திரத்தை இலவசமாகக் கொடுப்பதற்கென்றே மதுரை காளவாசலில் ஓர் அலுவலகம் இருந்தது. இரண்டாவது மாடி. உள்ளே போக வேண்டுமானால் கீழே ஒரு நோட்டில் பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் எழுத வேண்டும். பையைத் திறந்து காட்ட வேண்டும். செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஒரு தகர வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். வாசலில் ‘தென்மாவட்டத் திறந்தமூல மென்பொருள் பரவலாக்க மையம்’ என்று பலகை தொங்கும். திறந்தமூலம் என்றால் அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், ஏனென்று கேட்க ஆள் கிடையாது என்று பொருள். இதை மக்களுக்கு விளக்கும் துண்டுப் பிரசுரங்களை மையத்தார் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

இந்த மையம் 2006 நவம்பரில் திருப்பரங்குன்றத்துக் காது கேளாதோர் பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. தலைமையாசிரியர் நல்லகாமன் பதினேழு இடங்களில் கையெழுத்துப் போட்டார். மையம் தராத எந்த மென்பொருளையும் இவற்றில் ஏற்றக் கூடாது என்பது நான்காவது நிபந்தனை. ‘மூடிய தொழில்நுட்பச் சாதனம்’ எதுவும் வளாகத்தில் இருக்கக் கூடாது என்பது ஒன்பதாவது. அதன்படி விடுதியில் இருந்த டி.வி.யையும் சிடி பிளேயரையும் அன்றைக்கே வெளியூர்ப் பால்வாடி ஒன்றுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மீறினால் பத்தும் திரும்பப் போய்விடும், பள்ளியின் மானியத்தை மறுபரிசீலனை செய்யப் பரிந்துரையும் போகும்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ‘........ உங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று திரையில் வரும். புள்ளி வைத்த இடத்தில் முதலில் ‘கூடல்’ என்று பெயர் இருந்ததாம். அந்தப் பெயரில் எங்காவது ஓர் அப்பளக் கம்பெனி இருந்து வழக்குப் போட்டுவிடுமோ என்று பயந்து எடுத்துவிட்டார்கள். அடுத்து வைத்த பெயருக்கு ஒரு பனியன் குறுக்கே வந்தது. அதற்கடுத்த பெயருக்கு ஊதுபத்தி. கடைசியில் எந்த வியாபாரியும் உரிமை கொண்டாட முடியாதபடி புள்ளியை மட்டும் வைத்து நிம்மதியானார்கள்.

அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் ஹம்சவேணி. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் ஒரு பாஷை, கடைவீதியில் தமிழ், வகுப்பில் கை. மற்ற ஆசிரியர்கள் வாயை அகல அகலத் திறந்து பாடம் சொல்வார்கள். பிள்ளைகளும் மரியாதைக்குத் தலையாட்டி வைப்பார்கள். புரிகிற மாதிரி சைகையில் சொல்லிக்கொடுக்க அவள் ஒருத்திதான். அந்த வலது கையின் கட்டைவிரல் தசைநாண் தேய்ந்துபோய், பொங்கல் கழிந்ததும் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

“எட்டு வாரம் கட்டு. அதுக்குள்ள விரலை மடக்கி நீட்டினீங்கன்னா தச்சது பிஞ்சிரும். அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோசனமில்ல” என்றார் டாக்டர். மார்ச் கடைசியில் பதினோரு பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வு. ஹம்சவேணி தூக்கம் கெட்டு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அரையாண்டு விடுமுறையில் முப்பத்திரண்டு பாடங்களையும் சைகையில் நடத்தி வீடியோ எடுத்துவிட்டாள்.

எடுத்தவர் காளவாசலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கருத்தக்கண்ணன். பதினைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். வேறு விதமாக எடுக்க அவருக்குத் தெரியாது. டீச்சரைப் பட்டு உடுத்தி வரச் சொன்னார். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் ரோஜா இதழ் உதிர்ந்தது. இதயம் பற்றிய பாடத்தில் சிவப்பு இதயங்கள் மேலிருந்து கீழே மழையாகக் கொட்டின. எல்லாப் பாடத்திலும் அடியில் ‘கருத்தக்கண்ணன் வீடியோஸ், காளவாசல்’ என்ற எழுத்தும் இரண்டு செல் நம்பரும் பூவேலைக்கு நடுவே ஊர்ந்துகொண்டே இருந்தன. ஹம்சவேணிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கை தெளிவாகத் தெரிந்தது, அவளுக்கு அது போதும். ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்துவிட்டுத் தைரியமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஜனவரி கடைசியில், தொட்டில் கட்டிய கையோடு வகுப்புக்கு வந்து, இடது கையால் முதல் சிடியைப் போட்டாள். பதினோரு பேரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். படம் வரவில்லை. எழுத்து வந்தது.

‘இந்தக் கோப்பு ஒரு வடிவத்தில் உள்ளது. அவ்வடிவத்தின் பெயர் பிறருடைய வணிகச் சின்னமாக இருக்கக்கூடும் என்பதால் இங்கே குறிப்பிடப்படவில்லை. அவ்வடிவம் இதில் ஓடாது. தங்கள் சுதந்திரம் பாதுகாக்கப்பட்டது.’

கீழே ஒரே ஒரு பொத்தான் இருந்தது. ‘சரி’ என்று அதில் எழுதியிருந்தது.

கருத்தக்கண்ணனை வரவழைத்தாள். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதெல்லாம் ஒரு விசயமா டீச்சர்? எங்கிட்ட ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, போட்டுவிட்டா அஞ்சு நிமிசத்துல ஓடிரும். கல்யாண வீட்டுக்காரவுகளுக்கு எம்புட்டுப் பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்!”

நல்லகாமன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றார். “அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், தொட்டுறாதீக. பதினேழு எடத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்கு ரிட்டயர்டு ஆக ஒன்றரை வருசம் கெடக்கு. டீச்சர், முறைப்படி போய் மையத்துல கேளுங்க. தருவாக.”

முறைப்படி கேட்க ஹம்சவேணி காளவாசலுக்குப் போனாள். தகர வில்லை வாங்கி, படியேறி, தொழில்நுட்ப அலுவலர் அஸ்வத் முன்னால் உட்கார்ந்தாள். சின்ன வயது, நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தான். ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தான். நான்காம் கட்டம்: ‘ஆதரவு கோரும் வடிவத்தின் பெயர்.’ கருத்தக்கண்ணன் சொல்லி அனுப்பியபடி, இடது கையால் கோணல்மாணலாக ‘எம்பெக்’ என்று எழுதினாள்.

அஸ்வத் பதறிப்போய் உள்ளங்கையால் அதை மூடினான். “மேடம், பேரை எழுதிட்டீங்களே! இப்ப இந்த ஃபாரமே ரிஸ்க் ஆயிருச்சு.” சுற்றிலும் பார்த்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டான்.

இன்னொரு விண்ணப்பம் வாங்கி நான்காம் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

“காலியா இருந்தா வாங்க முடியாது மேடம்.”

“பேரும் எழுதக் கூடாது, காலியாவும் விடக் கூடாதுன்னா நான் என்னதான்ப்பா எழுதுறது?”

“‘அந்த வடிவம்’னு எழுதுங்க.”

“அந்த வடிவம்னா எந்த வடிவம்னு எப்படித் தெரியும்?”

“அதைக் கமிட்டி முடிவு பண்ணும்.”

இயக்குநரைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இயக்குநர் முனைவர் ஹாலாஸ்யம் நாற்பது நிமிடம் காக்க வைத்து உள்ளே கூப்பிட்டார். அவளுடைய கட்டைப் பார்த்து ‘அடடா’ என்றார். பிறகு பேச ஆரம்பித்தார்.

“மேடம், உங்க குழந்தைகளுக்கு நாங்க என்ன கொடுத்திருக்கோம் தெரியுமோ? சுதந்திரம். வீடியோ எந்த டப்பாவிலயும் ஓடும். ஓட்ட மாட்டேன்னு சொல்றதுக்கு ஒரு கொள்கை வேணும், இல்லையா? மூணு வருஷமா இந்த மையத்து மேல ஒரு நோட்டீஸ் கிடையாது, ஒரு கேஸ் கிடையாது. ஏன்? நாங்க வெளியிட்ட எதையும் யாராலயும் உபயோகப்படுத்த முடியலை. நிக்கிற வண்டிக்கு ஆக்ஸிடென்ட் ஆகுமோ? டெல்லியிலேர்ந்து வந்தவா இதைப் பார்த்துட்டு அசந்து போயிட்டா.”

“சார், பரீட்சைக்கு ரெண்டே மாசந்தான் இருக்கு. என் கையி இப்படி இருக்கு. அந்த வீடியோதான் அதுகளுக்கு டீச்சரு.”

“கட்டாயம் கவனிக்கிறோம்” என்று ஹாலாஸ்யம் குறித்துக்கொண்டார்.

கவனித்தார்கள். நாலே நாளில் பள்ளிக்கு மையத்தின் ஜீப் வந்தது. அஸ்வத்தும் இன்னொருவரும் இறங்கி, பத்து கம்ப்யூட்டரிலும் சிடி போடும் வாயில் அரக்கு ஊற்றி முத்திரை குத்தினார்கள். ஆபத்தான வடிவங்கள் உள்ளே நுழைய முயல்வதாகப் புகார் வந்திருப்பதால் முன்னெச்சரிக்கை என்றார்கள். புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் ஹம்சவேணியிடமே கையெழுத்து வாங்கினார்கள். பார்த்துச் சரிசெய்யத்தான் என்று சொல்லி, முப்பத்திரண்டு சிடிகளையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரம் எந்தத் தகவலும் இல்லை. ஹம்சவேணி கரும்பலகையில் இடது கையால் எழுதிப் பார்த்தாள். இடது கையால் மட்டும் சைகை செய்தும் பார்த்தாள். பாதிச் சொல் இரண்டு கையில் செய்ய வேண்டியது; ஒரு கையில் செய்தால் எது நுரையீரல் எது கல்லீரல் என்று பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கம்மாள் என்றொரு பெண், உசிலம்பட்டிப் பக்கம். தேறினால் மேலே படிக்க வைப்பதாகவும் இல்லாவிட்டால் பஞ்சு மில்லுக்கு அனுப்புவதாகவும் அவள் அப்பா சொல்லியிருந்தார். அவள் தினமும் சாயங்காலம் வந்து, திரையைக் காட்டி, எப்போது என்று கேட்பாள். நாளைக்கு என்று ஹம்சவேணி இடது கையால் சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு கை போதும்.

பிறகு ஒருநாள் அஸ்வத் வந்து, பாடங்கள் தயார், எந்தச் சிக்கலும் இல்லாத சுதந்திர வடிவத்துக்கு முப்பத்திரண்டையும் மாற்றிவிட்டோம் என்று ஏற்றிக் கொடுத்தான். பிள்ளைகள் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. நாற்பத்திரண்டு நிமிடம் நகர்ந்து நின்றது. பிள்ளைகள் அதையும் கவனமாகத்தான் பார்த்தார்கள்.

நல்லகாமன் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். “ஃபேன் சத்தம் கேக்குது டீச்சர். யாரோ இருமுறாக. ‘டீச்சர், தலையை லேசா நிமித்துங்க’ங்கிறாக. மறுபடியும் ஃபேனு.”

சைகைப் பாடத்தின் ஒலியை மட்டும் எடுத்து மாற்றியிருந்தார்கள். படத்தில் அபாயம் இருக்கிறது, ஒலியில் இல்லை என்பது கமிட்டியின் முடிவு. ஹம்சவேணிக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே பஸ் பிடித்துக் காளவாசல் போய், வில்லையும் வாங்காமல் படியேறிவிட்டாள்.

“சார், அதுகள் காது கேக்காத புள்ளைக!”

“தெரியும் மேடம்” என்றார் ஹாலாஸ்யம். “அதனாலதான் வால்யூமை நன்னாக் கூட்டி வச்சு அனுப்பச் சொன்னேன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாலை நான்கு மணிக்கு மேல் பார்வையாளர் யாரும் கட்டிடத்துக்குள் இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அவளை அனுப்ப வேறு வழி தெரியாததால் மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டுவதாக எழுதிக் கொடுத்தார்கள்.

கூட்டத்தில் ஹாலாஸ்யம், அஸ்வத், வணிகச் சின்ன இடர் ஆலோசகர் ஸ்யாமளா மூவரும் இருந்தார்கள். ஸ்யாமளா முப்பத்திரண்டு பாடத்தையும் பார்த்துக் குறிப்பெடுத்திருந்தார். சந்தேகம் தெளிய, இயக்குநரின் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு பாடத்தைப் போட்டுக் காட்டினார். சிவப்பு இதயங்கள் கொட்ட, பட்டுப்புடவையில் ஹம்சவேணி இரண்டு கையாலும் அருமையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தன்னுடைய பழைய கையைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இங்க மட்டும் ஓடுதே சார்?”

“இது காசு கொடுத்து வாங்கின மூடிய மென்பொருள் மேடம். எதை எதிர்த்துப் போராடறோம்னு தெரிஞ்சுக்க ஒண்ணு வச்சிருக்கோம். என் டேபிளுக்கு மட்டும்.”

ஸ்யாமளா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஒன்பதாம் பாடத்துல டார்ச் செல் காட்டறாங்க, கம்பெனி பேர் தெரியறது. பதினாலுல சோப்பு. இந்த ஹார்ட் வடிவம் யாரோட சின்னமாவும் இருக்கலாம். இதையெல்லாம் கூடச் சமாளிச்சுடலாம். ஆனா முப்பத்திரண்டுலயும் கீழே ஒரு வணிகப் பெயர் ஓடிண்டே இருக்கு. கருத்தக்கண்ணன்னு. அவர் அதைப் பதிவு பண்ணியிருக்காரா?”

“அவரு ஸ்டுடியோ பேரும்மா அது. எல்லாக் கல்யாண வீடியோவுலயும் போடுவாரு.”

“பதிவு பண்ணலைன்னா இன்னும் ஆபத்து. யார்கிட்ட அனுமதி வாங்கறதுன்னே தெரியாது.”

“அவரு வாசல்லதான் நிக்கிறாரு. கூப்பிடவா?”

கருத்தக்கண்ணனை உள்ளே விட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “தாராளமாப் போட்டுக்கங்கய்யா. எனக்கு விளம்பரந்தானே!”

விளம்பரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்யாமளா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். அரசு மையம் ஒரு தனியார் சின்னத்துக்கு விளம்பரம் செய்வதா? அந்த எழுத்தில்லாமல் மூலப் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

கருத்தக்கண்ணன் தலையைச் சொறிந்தார். “கேசட்டு இல்லைங்கய்யா. தை மாசம் ஏகப்பட்ட முகூர்த்தம். அவனியாபுரத்துல ஒரு கல்யாணத்துக்கு அது மேலயே எடுத்துட்டேன். நாங்க எப்பவும் அப்படித்தான்.”

கமிட்டி அரைமணி நேரம் கூடிப் பேசியது. முடிவில் ஹாலாஸ்யம் எழுந்து நின்றே அறிவித்தார். படத்தோடு சேர்த்தே சுதந்திர வடிவத்துக்கு மாற்றித் தரப்படும். வணிகச் சின்னம் வரும் பகுதி மட்டும் மறைக்கப்படும். பாடத்தின் உள்ளடக்கத்தில் கைவைக்க மாட்டோம். மார்ச் முதல் வாரத்தில் விழா வைத்து ஒப்படைப்போம்.

“இன்னும் சீக்கிரமா முடியாதுங்களா? பரீட்சை...”

“பரீட்சை அடுத்த வருஷமும் வரும் மேடம்” என்றார் ஸ்யாமளா. “நோட்டீஸ் வந்தா வந்ததுதான்.”

ஆனாலும் படம் வரப்போகிறது. அது போதும் என்றிருந்தது ஹம்சவேணிக்கு. மூன்று வாரம் கிடைக்கும், ஒரு நாளைக்கு இரண்டு பாடம் போட்டால் முடித்துவிடலாம் என்று பஸ்ஸில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலம் ராக்கம்மாளிடம் தேதியையே சொல்லிவிட்டாள்.

மார்ச் ஆறாம் தேதி விழா. ஹம்சவேணிக்கு மாவுக்கட்டை எடுத்துவிட்டுப் பலகை வைத்துத் துணி சுற்றியிருந்தார்கள். இன்னும் பத்து நாள் அசைக்கக் கூடாது. வகுப்பறைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பெரிதாகத் தெரிய புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். பதினோரு பேரும் முன்வரிசையில் எண்ணெய் வைத்துத் தலைசீவி உட்கார்ந்திருந்தார்கள். போட்டோகிராபர் வந்திருந்தார்.

ஹாலாஸ்யம் அரைமணி நேரம் பேசினார். பிள்ளைகள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “உலகத்திலேயே எந்தச் சின்னமும் இல்லாத, எவருக்கும் கடன்படாத, முழுச் சுதந்திரமான முதல் பாடம் இது” என்று முடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

படம் ஓடியது. தடங்கல் இல்லாமல், கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடியது. இதயம் பற்றிய பாடம். மேலே ஹம்சவேணியின் முகம். நகரும் எழுத்தை மறைக்க வேண்டும். எழுத்தைச் சுற்றியிருந்த பூவேலையையும் மறைக்க வேண்டும். பிறகு பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்று ஸ்யாமளா எழுதியிருந்தார். அதன்படி அவள் தாடைக்குக் கீழே திரை முழுவதும் கறுப்பாக இருந்தது. மேலே முகம் புருவத்தை உயர்த்தியது, கண்ணை அகட்டியது, இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது. சிவப்பு இதயங்கள் உதிர்ந்து வந்து கறுப்புக்குள் விழுந்து காணாமல் போயின.

ஹாலாஸ்யம் கைதட்டினார். அஸ்வத் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ராக்கம்மாள் திரும்பினாள். திரையைக் காட்டினாள். தன் இரண்டு கைகளையும் தூக்கி, விரித்து, காற்றில் தேடிக் காட்டினாள். டீச்சரின் கைகள் எங்கே என்று கேட்டாள். மற்ற பத்துப் பேரும் திரும்பி ஹம்சவேணியைப் பார்த்தார்கள்.

நோட்டு, வில்லை, விண்ணப்பம், அரக்கு என்று அலைந்த ஐந்து வாரமும் ஹம்சவேணியின் கண் முன்னால் வந்து நின்றது. கத்தலாம். கத்தினால் அந்த அறையில் யாருக்குக் கேட்க வேண்டுமோ அவர்களுக்குக் கேட்காது, கேட்கிறவர்களுக்குப் புரியாது. அவள் பல்லால் முடிச்சை இழுத்தாள். துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள்.

“டீச்சர், என்ன பண்ணுறீங்க! டாக்டரு என்ன சொன்னாரு?” என்று நல்லகாமன் எழுந்தார்.

பலகை கீழே விழுந்தது. தோல் வெளுத்து, மணிக்கட்டில் தையல் தழும்போடு இருந்த அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு அவள் பிள்ளைகளுக்கு எதிரே போய் நின்றாள். இடது நெஞ்சின் மேல் வைத்து விரல்களை மெல்ல மடக்கினாள். வலி தோள்வரை ஏறியது. விரித்தாள். மறுபடி மடக்கினாள். இதயம் இப்படிச் சுருங்கும், இப்படி விரியும் என்று சொன்னாள். கட்டைவிரலில் ஏதோ இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் நிறுத்தவில்லை. ராக்கம்மாள் நோட்டைத் திறந்தாள்.

போட்டோகிராபர் இயக்குநர் காதில் ஏதோ சொன்னார். ஹாலாஸ்யம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னார்:

“மேடம், கொஞ்சம் ஓரமா நில்லுங்கோ. பாடத்தை மறைக்கறேள்.”